கல் எங்கே போய்ச் சேரும்? பெங்களூரிலிருந்து ரத்தினக்கல் தேடப் பழகுவோருக்கு

பெங்களூரில் பல வீட்டுச் சமையல் மேடைகளில் வெள்ளை கிரானைட் பதித்திருக்கும். மதுரைப் பக்கம் வெட்டி வரும் அந்த ரகத்துக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'காஷ்மீர் ஒயிட்'. அருகில் குனிந்து பார்த்தால் வெள்ளைக்கு நடுவே கடுகளவு, மிளகளவு அரக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை கறையல்ல, கார்னெட். நகைக்கடையில் மோதிரத்தில் வைத்து விற்கிறார்களே, அதே கனிமம்தான். அதைப் பெயர்த்தெடுத்து நகையாக்க முடியாது. உள்ளே விரிசல், மேலே மங்கல், அளவும் போதாது.

ரத்தினக் கனிமங்கள் பலர் நினைப்பதுபோல் அவ்வளவு அபூர்வம் இல்லை. விரிசலில்லாத, ஒளி ஊடுருவுகிற, கையில் எடுக்கிற அளவுள்ள துண்டுதான் அபூர்வம். நல்ல துண்டுகளை மோசமானவற்றிலிருந்து பிரிக்கும் வேலையில் பெரும்பகுதியை மழையும் ஓடையும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. அவை எங்கே பிரித்துக் குவித்தன என்று கண்டுபிடிப்பதுதான் தேடுபவரின் வேலை. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதும் இதிலிருந்தே முடிவாகும்.

பாறை வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கும்போது அதிலுள்ள எல்லாக் கனிமமும் ஒரே வேகத்தில் மக்குவதில்லை. ஃபெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாகிவிடும். காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். வெங்கச்சங்கல் என்று கொங்கு நாட்டில் சொல்லும் குவார்ட்ஸ் நிற்கும். கார்னெட், குருந்தம், சிர்க்கான், ஸ்பினல் ஆகியவையும் நிற்கும். குருந்தத்தில் சிவப்பு மாணிக்கம், நீலம் நீலக்கல்.

ஓடைக்குள் வந்தபின் இன்னொரு பிரிவினை நடக்கிறது. தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பதே இங்கே கணக்கு. குவார்ட்ஸ் 2.65 மடங்கு, கார்னெட் ரகத்தைப் பொறுத்து 3.6 முதல் 4.3, குருந்தம் 4.0, சிர்க்கான் சுமார் 4.7. வெள்ளம் வேகம் குறையும் இடத்தில் கனமானது முதலில் விழுகிறது, லேசானது நகர்ந்துகொண்டே போகிறது. இதையே உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இலங்கையின் இரத்தினபுரியில் குழி தோண்டுகிறவர்கள் தேடுவது பாறையை அல்ல, 'இல்லம்' என்று அங்கே சொல்லும் பழைய ஆற்றுச் சரளை அடுக்கை.

இந்தக் கணக்குக்குள் வராத கற்களும் உண்டு. தொடக்கக்காரர் பலர் சறுக்குவது இங்கேதான். பெரில் கனிமத்தின் நீல ரகமான அக்வாமரின் 2.7 மடங்கு, சந்திரகாந்தக்கல் 2.56 அளவில், செவ்வந்திக்கல் குவார்ட்ஸின் ஒரு ரகமே. சாதாரண மணலுக்கும் இவற்றுக்கும் கனத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. நாள் முழுக்கச் சல்லடை ஆட்டினாலும் இவை அடியில் சேராது. இவற்றைக் கண்ணால்தான் தேட வேண்டும். கனமான கல்லுக்குத் தண்ணீர், லேசான கல்லுக்குக் கண்: இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிச் செலவு மிச்சம்.

பெங்களூரைச் சுற்றி என்ன இருக்கிறது

நகரமே மிகப் பழைய பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லால்பாக் குன்று அதில் ஒரு துண்டு. பெனின்சுலர் நைஸ் என்னும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அங்கே சுத்தியல் எடுக்கவே கூடாது. ஆனால் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் நைஸ் எப்படி இருக்கும், அதைக் குறுக்கே வெட்டிப் போகும் பிற்கால நரம்பு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. மெஜஸ்டிக்கிலிருந்து அரை மணி நேரம்.

ராமநகரக் குன்றுகள் குளோஸ்பெட் கிரானைட். வயது சுமார் 250 கோடி ஆண்டு, தெற்கு வடக்காக ஏறக்குறைய 400 கி.மீ. நீளும் பட்டை. இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார் பெரிது பெரிதாகக் கண்ணில் படும். பார்க்க அழகு, ரத்தினத்துக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ராமதேவர பெட்டாவைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுச் சரணாலயம் இருப்பதால் அங்கே கல்லைத் தொடுவதும் வம்பு.

மைசூர் மாவட்டத்தில் பச்சை நிறக் காக்காப்பொன் ரகமான ஃபுக்சைட்டில் பதிந்த மாணிக்கம் கிடைக்கிறது. ஒளி ஊடுருவாத அரக்குச் சிவப்பில் அறுகோணத் துண்டுகளாக இருக்கும். கடைகளில் மணிமாலையாகவும் உருண்டையாகவும் விற்பது பெரும்பாலும் இதுதான்.

பொழுதுபோக்காகத் தேடும் தமிழர்கள் வண்டியை விடுவது கரூர் – காங்கேயம் பட்டைக்குத்தான். சேலம், ஈரோடு வழியாகக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். காங்கேயம் பக்கத்துப் படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்வாமரின் வெட்டியெடுத்திருக்கிறார்கள். சிவன்மலைப் பக்கம் குருந்தம் உண்டு. சந்திரகாந்தக்கல், கார்னெட், ஊதாநீல அயோலைட் எல்லாம் அந்தப் பகுதிக் கற்களே. நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் பெரில், நீலக்கல், குவார்ட்ஸ், கார்னிலியன் மணிகள் கிடைத்ததும், அவற்றை அங்கேயே அறுத்துத் துளையிட்டதற்கான தடயங்கள் கிடைத்ததும் தெரிந்த செய்தி. இரண்டாயிரம் ஆண்டாக ஆள் தேடுகிற மண் அது. எனவே மேலோட்டமாகக் கிடந்ததெல்லாம் எப்போதோ போயிருக்கும். ஒவ்வொரு மழையும் உழவும் புதிதாகப் புரட்டிப் போடுவதே நமக்கு.

ஓரிடத்தைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும்: கோலார் தங்கவயல். 2001இல் மூடிய சுரங்கம், பழக்கப்பட்ட தமிழ்ப் பேச்சு, பங்காரப்பேட்டை வழியாக ரயில் என்று ஆசை வருவது இயல்பு. அங்கே மலைபோல் கிடக்கும் சயனைடு மேடுகள் தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைத்த கழிவு. அதில் ரத்தினம் இருக்க வழியில்லை, நெஞ்சுக்குள் போகும் தூசிதான் உண்டு. மூடாத பழைய குழிகள் வேறு.

அனுமதி

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடித் தோண்டுவதும் வெட்டுவதும் குற்றம். குருந்தமும் அகேட்டும் 2015இல் சிறுகனிமப் பட்டியலுக்கு வந்ததால் அவற்றைக் கவனிப்பது மாநில அரசு. ஆகவே கடப்பாரை, குழி, மூட்டை என்று போனால் அது பொழுதுபோக்கு அல்ல. நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, மேலே கிடக்கும் துண்டுகளைக் கைப்பிடி அளவில் மாதிரியாகப் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டு நிலம், சரணாலயம், தொல்லியல் இடம் மூன்றிலும் கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது. ஆற்றில் சல்லடையோடு நின்றால் மணல் திருட்டு என்று ஊர்க்காரர்கள் நினைப்பது நியாயமே. விஏஓவிடமோ ஊராட்சித் தலைவரிடமோ முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கன்னியாகுமரி, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் சிவப்பு மணலில் கார்னெட் இருக்கிறது என்பது உண்மை. கூடவே தோரியம் உள்ள மோனசைட்டும் இருக்கிறது. அது அணுக்கனிமம், பாட்டிலில் நிரப்பிக்கொண்டு வராதீர்கள்.

கண்ணால் தேடுவது

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் 1:50,000 அளவிலான பாறை வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. போக நினைக்கும் இடத்தில் எந்தப் பாறை, எங்கே பெக்மடைட் நரம்பு என்று முந்தின நாளே பார்த்துக் கைப்பேசி வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைக்காமல் போனால் ஆளைக் கேட்டு ஆளைக் கேட்டே பொழுது போய்விடும்.

பெக்மடைட்தான் அக்வாமரினுக்கும் சந்திரகாந்தத்துக்கும் தாய்ப்பாறை. அடையாளம் சுலபம்: சுற்றியிருக்கும் பாறையில் மணிமணியாக இருக்கும் கனிமங்கள் அந்த நரம்பில் மட்டும் விரலளவு, கையளவு பெரிதாக இருக்கும். வெள்ளைக் குவார்ட்ஸ் கட்டி, இளஞ்சிவப்பு அல்லது வெண்மையான ஃபெல்ஸ்பார், புத்தகம்போல் அடுக்கிய காக்காப்பொன் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நரம்பு மேட்டில் இருந்தால் அதற்குக் கீழ்ச்சரிவில் தேடுங்கள். உதிர்ந்த துண்டுகள் மேலே ஏறிப் போவதில்லை.

நேரம் முக்கியம். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தூசி கழுவப்பட்டுக் கல் நிறம் காட்டும். காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6 வரை வெயில் சாய்வாக இருக்கும்போது வெயிலை எதிரில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒளி ஊடுருவும் கல் அப்போது உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும், ஊடுருவாத கல் கறுப்பாகவே நிற்கும். வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு நடப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உழுத காட்டில் ஒரு சாலில் போய் அடுத்த சாலில் திரும்புங்கள். அங்குமிங்கும் அலைந்தால் பார்த்த இடத்தையே மறுபடி பார்ப்பீர்கள்.

பூச்செடிக்கு அடிக்கும் தண்ணீர் ஸ்பிரே பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். இருநூறு ரூபாய்க்குள் இவ்வளவு பயன்படும் கருவி வேறில்லை. காய்ந்த கல்லின் சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியைச் சிதறடித்து வெளுப்பாகக் காட்டுகிறது. நனைத்ததும் உள்நிறம் தெரிகிறது. பிறகு கைப்பேசி டார்ச்சைக் கல்லுக்குப் பின்னால் ஒட்ட வைத்துப் பாருங்கள். வெளியே கரிக்கட்டைபோல் இருக்கும் கார்னெட் ஓரத்தில் ஒயின் சிவப்புக் காட்டும். சந்திரகாந்தத்துக்கு டார்ச் உதவாது. வெயிலில் மெல்லத் திருப்பிக்கொண்டே வர, ஒரு கோணத்தில் மட்டும் பால்நீல ஒளி மேலே மிதந்து வந்து மறையும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி 10 மடங்கு போதும். 30 மடங்கு, 60 மடங்கு என்று எழுதிச் சல்லிசாக விற்பவை பெரும்பாலும் 10 மடங்குகூடத் தெளிவாகக் காட்டாது. நகரத்பேட்டைப் பொற்கொல்லர்கள் வாங்கும் கடையிலேயே வாங்குங்கள். கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லைக் கண்ணை நோக்கி ஒரு அங்குலம் வரை கொண்டுவர வேண்டும். கண்ணாடியைக் கல்லின் மேல் வைத்துத் தூரத்திலிருந்து பார்ப்பது பயனில்லை.

சுத்தியல் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. ஆணி அடிக்கும் தச்சுச் சுத்தியலால் பாறையையோ இரும்பு உளியையோ அடிக்காதீர்கள். அதன் முகம் கடினப்படுத்தப்பட்ட எஃகு. சில்லு தெறித்துக் கண்ணுக்குள் போகும். புவியியலாளர் சுத்தியல் 600 கிராம் அளவில் தலையும் பிடியும் ஒரே துண்டாக வருவது நல்லது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குவார்ட்ஸை உடைக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. குவாரிச் சுவருக்கு அடியில் நிற்கவே வேண்டாம். இன்னொன்று: கைக்கு வாகான படிகம் பாறையில் பதிந்திருந்தால் அதைச் சுற்றி உளி வைக்காதீர்கள், அதிர்ச்சியில் படிகம்தான் முதலில் உடையும். அனுமதி உள்ள இடத்தில் உள்ளங்கையளவு தள்ளிப் பாறையோடு சேர்த்துப் பெயர்த்து வீட்டில் நிதானமாகப் பிரிப்பதே வழி.

கல்லைப் புரட்டும்போது தூர விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அப்போது திறப்பு எதிர்ப்பக்கம் விழும். அடியில் சுருட்டை விரியன் இருந்தால் அந்தப் பக்கம் போய்விடும்.

சல்லடையும் தண்ணீரும்

கனமான கற்களுக்கு இதுவே முறை. வீட்டில் அரிசியைத் தண்ணீரில் ஆட்டிக் கல் அரிப்பதும் இதே தத்துவம்தான்: கனமானது அடியில், லேசானது மேலே.

தேவை மூன்று சல்லடை. எஸ்.ஜே.பி. ரோடு, எஸ்.பி. ரோடு இரும்புக் கடைகளில் மணல் சலிக்கும் கம்பிவலை கிடைக்கும். தமிழ் புரியாத கடையில் 'ஜரடி' என்றால் போதும். அரை இஞ்ச், கால் இஞ்ச், அரைக்கால் இஞ்ச் கண் அளவில் கேளுங்கள், ஏறக்குறைய 12, 6, 3 மி.மீ. வட்டமாக 40 செ.மீ. குறுக்களவு, 8 முதல் 10 செ.மீ. ஆழம். சதுரச் சட்டம் சலிக்க மட்டும் உதவும், சுழற்ற உதவாது. வலை தளதளவென்று தொய்ந்திருக்கக் கூடாது. முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தொய்ந்த வலையில் கல் குவியும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும்.

மூன்று அளவு எதற்கு என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தண்ணீருக்குள் ஒரு கல்லின் கனம் அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் அளவு குறைகிறது. குவார்ட்ஸுக்கு 2.65இல் ஒன்று போக 1.65 மிச்சம், 4.0 உள்ள கார்னெட்டுக்கு 3.0. விகிதம் 1.8. அதாவது கார்னெட்டைவிட 1.8 மடங்கு பெரிய குவார்ட்ஸ் கல் அதே வேகத்தில் அடியில் இறங்கும். 10 மி.மீ. கூழாங்கல்லும் 3 மி.மீ. கார்னெட்டும் ஒரே சல்லடையில் இருந்தால் கூழாங்கல் ஜெயித்துவிடும். 6 மி.மீ.க்கும் 3 மி.மீ.க்கும் இடைப்பட்டவை மட்டும் இருந்தால் கனம் பேசும். முதலில் அளவு பிரித்து, பிறகே ஆட்ட வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு 'இங்கே ஒன்றுமில்லை' என்று திரும்புகிறார்கள்.

சரளை எங்கே எடுப்பது? ஓடை வளைவின் உட்பக்கம், பெரிய பாறையின் நீரோட்டக் கீழ்ப்புறம், அடிப்பாறையின் வெடிப்புகள். கறுமணல் கோடு ஓடியிருந்தால் அங்கே வெள்ளம் கனமானதை இறக்கியிருக்கிறது என்று பொருள். மேல்மணலை ஒதுக்கி, அடிப்பாறையை ஒட்டிய கடைசிச் சாண் சரளையை எடுங்கள். அனுமதி கிடைத்த இடத்தில் பெயிண்ட் பக்கெட்டில் முக்கால் நிரப்பினாலே இருபது கிலோவுக்கு மேல் வரும். முதல் நாளுக்கு அது தாராளம்.

பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் கையால் பிசைந்து களிமண்ணை முழுவதும் கரைத்து ஊற்றிவிட வேண்டும். களி உருண்டை கரையாமல் நின்றால் அதற்குள் கல் மாட்டிக்கொண்டு, உருண்டையோடு மேலே வந்து வெளியே போய்விடும். பிறகு மூன்று சல்லடைகளையும் பெரியது மேலே, சிறியது கீழே அடுக்கிச் சலித்து ஒவ்வொன்றிலும் நின்றதைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் சல்லடையில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொட்டிவிடலாம்.

இனி ஆட்டல். 3 மி.மீ. சல்லடையில் பாதி ஆழத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீர் நிரம்பிய அகலமான டப்பில், சரளை மூழ்கி மேலே நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி பிடித்து, ஓரிரு அங்குலம் மட்டும் வெடுக்கென்று கீழே இழுத்து மெல்ல மேலே விடுங்கள். கீழே இழுக்கும்போது தண்ணீர் வலை வழியாக மேலே பீறிட்டுக் கற்களைத் தூக்குகிறது; அந்தக் கண நேரத்தில் கனமானவை இடைவெளியில் கீழே நழுவுகின்றன. ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை கால்வட்டம் இடமும் வலமும் சுழற்றுங்கள். கனமானவை நடுவில் கூடும். முப்பது இழுப்பு போதும். அவசரப்பட்டு வேகமாகக் குலுக்கினால் கற்கள் இறங்க நேரமில்லாமல் மொத்தமும் கலங்கும். சல்லடையைத் தண்ணீருக்கு வெளியே வரை தூக்கித் தூக்கிப் போட்டாலும் பிரிந்தது கலந்துவிடும்.

முடிந்ததும் தண்ணீர் வடிய விட்டு, ஈரச் சாக்கின் மேல் சல்லடையை ஒரே வீச்சில் குப்புறக் கவிழ்க்க வேண்டும். தயங்கித் தயங்கிக் கவிழ்த்தால் குவியல் சரிந்துவிடும். சரியாகச் செய்திருந்தால் வட்டக் குவியலின் உச்சியில், நடுவில், உள்ளங்கையளவு கருஞ்சிவப்புத் திட்டு தெரியும். அதை மட்டும் கிள்ளி எடுத்துப் பாருங்கள், ஓரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. திட்டு ஓரமாக விழுந்திருந்தால் சல்லடையைச் சாய்வாகப் பிடித்திருக்கிறீர்கள். திட்டே இல்லாமல் கலவையாக இருந்தால் அதிகமாக நிரப்பியிருக்கிறீர்கள், அல்லது அளவு பிரிக்கவில்லை, அல்லது அங்கே கனமான கல்லே இல்லை.

இந்த மூன்றில் எது என்று தெரிய மொட்டை மாடியில் ஒரு பயிற்சி. வீடு கட்டும் இடத்தில் கொஞ்சம் ஜல்லிச் சில்லு வாங்கி 3 – 6 மி.மீ. பிரித்து, அதில் நகைமணிக் கடையில் எடை போட்டுத் தரும் 4 – 5 மி.மீ. கார்னெட் சில்லு மணி இருபதைக் கலந்து ஆட்டிப் பாருங்கள். உச்சித் திட்டில் பதினெட்டுக்குக் குறையாமல் திரும்பக் கிடைக்கும்வரை ஓடைக்குப் போக வேண்டாம். பெங்களூர்த் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்ததே. ஒரு டப் தண்ணீரைத் தெளியவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சேற்றை மட்டும் சாக்கடையில் ஊற்றாமல் தொட்டிச் செடிக்குப் போடுங்கள்.

3 மி.மீ.க்குக் கீழே விழுந்த மணலைத் தட்டில் அரிக்கலாம். ரத்தினத்துக்கு அந்த அளவு பயனில்லை. ஆனால் கடைசியில் தங்கும் கறுமணலில் கார்னெட் தூள், சிர்க்கான் இருக்கிறதா என்று பார்த்தால் மேலோடையில் என்ன பாறை என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் காந்தத்தை வைத்து மேக்னடைட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். காந்தத்தை நேரடியாக விட்டால் அந்தத் தூள் ஜென்மத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

புற ஊதா டார்ச்சைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். 365 நானோமீட்டர் வாங்குங்கள். 395 மலிவு, ஆனால் ஊதா வெளிச்சமே எல்லாவற்றின் மேலும் விழுந்து ஏமாற்றும். மாணிக்கம் சிவப்பாக ஒளிரலாம், இரும்பு கலந்த நம் ஊர்க் கல் மங்கலாகவே ஒளிரும். கார்னெட் ஒளிராது. அந்தி நேரத்தில் அதன் உறுதியான பயன் வேறு: தேள் பளிச்சென்று பச்சையாகத் தெரியும்.

கிடைத்தது என்ன கல்?

சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல் என்று நிறத்தை வைத்து முடிவு செய்வதே தொடக்கக்காரரின் முதல் தவறு. சாலையோரத்தில் வண்டியின் பின்விளக்குச் சில்லும் சிவப்பே. எடை அடர்த்தியைக் கணக்கிடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்தான்.

முதலில் கழுவிக் காய்ந்த கல்லை நிறுங்கள். 6.32 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசின் மேல் பாதித் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது 1.58 காட்டினால் அது கல்லின் எடை அல்ல, கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. 6.32 வகுத்தல் 1.58, விடை 4.00.

எங்கே பிழை வரும்? கல் அடியைத் தொட்டால் அளவு கூடி அடர்த்தி குறையும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் அப்படியே. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. பருத்தி நூல் தண்ணீரைக் குடிக்கும், வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கல் சிறியதாக இருந்தால் முறையே கைகொடுக்காது: 1 கிராம் குவார்ட்ஸுக்குத் தராசு 0.38 காட்டினால் 2.63, 0.37 காட்டினால் 2.70. கடைசி எண் ஒன்று மாறியதில் குவார்ட்ஸ் பெரிலாகிவிடும். குவார்ட்ஸா பெரிலா என்று கேட்க வேண்டுமானால் கல் 5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும்.

4.00 என்றால் குருந்தமாகவும் இருக்கலாம், கார்னெட்டாகவும் இருக்கலாம். இங்கே தெர்மாகோல் வேண்டும். தட்டில் தண்ணீர் விட்டு, தீப்பெட்டியளவு தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன் மேல் கல்லை வையுங்கள். ஆட்டம் நின்றதும் நியோடிமியம் காந்தத்தைக் கல்லுக்குப் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோங்கள். இரும்புள்ள கார்னெட் என்றால் தெர்மாகோல் தயங்கித் தயங்கி நகர்ந்து காந்தத்தை நோக்கி வரும். மாணிக்கமும் கண்ணாடியும் அசையாது. கோமேதகம் என்கிற ஹெஸ்ஸொனைட்டில் இரும்பு குறைவு, அது மெதுவாகவே அசையும். கல்லில் மேக்னடைட் தூள் ஒட்டியிருந்தாலும் பொய்யாக நகரும், முதலில் நன்றாகக் கழுவுங்கள்.

வடிவமும் பேசும். கார்னெட் பன்னிரண்டு சாய்சதுர முகங்களோடு உருண்டையாக இருக்கும். குருந்தம் அறுகோணப் பீப்பாய். தட்டையான முனையில் சிறு முக்கோணக் கோடுகள் தெரியும். குவார்ட்ஸும் பெரிலும் இரண்டும் அறுகோணத் தூண்கள்தான், ஆனால் குவார்ட்ஸ் தூணில் கோடுகள் குறுக்கே ஓடும், உச்சி கூம்பும். பெரிலில் கோடு இருந்தால் நெடுக்காக, உச்சி தட்டை.

கீறல் சோதனையைக் கடைசியாக, நல்ல முகத்தில் இல்லாமல் உடைந்த ஓரத்தில் செய்யுங்கள். கடினத்தில் குவார்ட்ஸ் 7, பெரில் 7.5 – 8, குருந்தம் 9. ஜன்னல் கண்ணாடி 5.5 அளவில் இருப்பதால் கண்ணாடியைக் கீறியது என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது, வெங்கச்சங்கல்லும் கீறும். கீறியபின் விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்தால் அது கீறலல்ல, மெதுவான கல் உதிர்த்த தூள்.

துரு பிடித்தாற்போல் மஞ்சள் படிந்த குவார்ட்ஸை ஆக்ஸாலிக் அமிலத்தில் சுத்தம் செய்யலாம். லிட்டருக்கு 25 கிராம் அளவில், பிளாஸ்டிக் டப்பாவில், கையுறையோடு, சூடாக்காமல் இரண்டு மூன்று நாள். பிறகு சமையல் சோடாத் தண்ணீரில் ஒரு நாள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். கால்சைட் உள்ள கல்லைப் போட்டால் கல் அரித்துப்போகும். மற்றவற்றுக்குப் பழைய பல்துலக்கியும் சோப்பும் போதும்.

ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்திலேயே தனி உறையில் போட்டு எண் எழுதி, அந்த எண்ணுக்கு நேரே இடப்புள்ளி, தேதி, எந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்று நோட்டில் குறியுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று மொத்தமாகப் பையில் போட்டவர்களிடம் கடைசியில் எங்கே கிடைத்ததென்று தெரியாத அழகான கூழாங்கற்கள் இருக்கும். அடுத்த மழைக்குப் பின் எந்தச் சரிவுக்குத் திரும்பிப் போவது என்பது அந்த நோட்டில் மட்டுமே இருக்கிறது.

பட்டை தீட்டக் கொடுப்பதாக இருந்தால் டார்ச்சைப் பின்னால் வைத்து விரிசலில்லாத பகுதி 6 மி.மீ. தேறுகிறதா என்று முதலில் பாருங்கள். தீட்டியபின் எடையில் கால் பங்குதான் பெரும்பாலும் மிஞ்சும். ஒளி ஊடுருவாத மாணிக்கத்தையும் சந்திரகாந்தத்தையும் முகம் வைக்காமல் உருண்டை மேடாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அதிலும் சந்திரகாந்தத்துக்கு நீல ஒளி எந்தத் திசையில் மிதக்கிறது என்று மார்க்கரால் புள்ளி வைத்துக் கொடுக்காவிட்டால், தேய்ப்பவர் கல் வீணாகாத திசையைப் பார்த்துத் தேய்ப்பார், ஒளி பக்கவாட்டில் போய்விடும்.